உடல் எதுவரை வளையும்?

தண்டையார்பேட்டையில் ஸ்பிளின்ட், காலிபர், செயற்கைக் கால் ஆகியவற்றை அளவெடுத்துச் செய்து பொருத்துவது என் தொழில். பக்கவாதம் வந்தவர்கள், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள், பட்டறையில் விரல் நசுங்கியவர்கள், பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைகள் ஆகியோர் நடுவே, இப்போது நடனம் பயிலும் பிள்ளைகளையும் அடிக்கடி பார்க்கிறேன். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மொட்டை மாடிகளில் பரதநாட்டியம் கற்கும் சிறுமிகள், வியாசர்பாடித் தெருக்களிலும் காசிமேட்டு மணலிலும் பல்டி பழகும் சிறுவர்கள் என இரு தரப்பினரும் முட்டி வலிக்கும் குதிகால் வலிக்கும் பாதத்தில் வைத்துக்கொள்ள ஏதாவது கேட்டு வருகிறார்கள். உடன் வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: "உடம்பு வளையணும்னா கொஞ்சம் வலிக்கத்தானே சார் செய்யும்?" இந்தக் கேள்விக்கு என் பட்டறையில் கிடக்கும் பொருட்களைக் கொண்டே பதில் சொல்ல முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடக்கும்போது பாதம் தொங்கிவிடாமல் தாங்கும் ஸ்பிளின்டைப் பாலிபுரோப்பிலீன் ஷீட்டில் செய்கிறோம். நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த வெள்ளை ஷீட்டைக் கையால் சற்றே வளைத்துவிட்டால் அது உடனே நிமிர்ந்துகொள்ளும். அதையே ஓவனில் வைத்து 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால், சில நிமிடங்களில் வெண்மை மறைந்து, மறுபுறம் தெரியும் அளவுக்குத் தெளிந்துவிடும். ஷீட் பதத்துக்கு வந்துவிட்டதற்கு அந்தத் தெளிவே அடையாளம். ஒழுங்காக அடுக்கியிருந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சுமார் 165 டிகிரியில் உருகித் தளர்ந்துவிடுவதால், ஷீட் இப்போது பிசைந்த சப்பாத்தி மாவுபோலத் தொய்கிறது. நோயாளியின் காலிலிருந்து எடுத்த பிளாஸ்டர் மாவு அச்சின் மேல் அதைப் போர்த்தி, இடையில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, நன்றாக ஆறும்வரை தொடாமல் விட்டால், கணுக்கால் எலும்பின் மேடுவரை அந்தக் காலின் வடிவம் அதில் நிலைத்துவிடும்.

ஆறிய பிறகும் அதன் வடிவத்தை மாற்ற முடியும். ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்பிளின்டை அளவுக்கு மீறி மடக்கினால், மங்கிய வெள்ளையின் நடுவே அடர்ந்த வெள்ளைக் கோடு ஒன்று விழும். உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி ஒளி சிதறுவதால் தெரியும் கோடு அது. கோடு விழுந்த ஸ்பிளின்ட் அன்றைக்கே உடைந்துவிடாது. ஆயிரக்கணக்கான அடிகள் நடந்த பின், பெரும்பாலும் கணுக்காலுக்குப் பின்புறமாக, அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். ஆகவே இந்தக் கோட்டைப் பார்த்தவுடன் ஸ்பிளின்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். இறுக்கமாக இருக்கிறதென்று வீட்டிலேயே அடுப்பில் காட்டி வளைக்க வேண்டாம். விரல் காயத்துக்குப் பின் கொடுக்கப்படும் ஸ்பிளின்டுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அவற்றுள் பல 60, 70 டிகிரி வெந்நீரிலேயே இளகும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கத்திரி வெயிலில், மூடிய காருக்குள் கண்ணாடியை ஒட்டி வைத்துவிட்டுப் போனால் வடிவம் மாறிவிடக்கூடும். தைத்த தசைநாண் உறுதிபெறாத முதல் சில வாரங்களில், தவறான கோணத்துக்கு மாறிவிட்ட ஸ்பிளின்டை அணிவது அறுவை சிகிச்சையின் பலனையே கெடுத்துவிடும்.

இழுவிசைக்கு ஏற்ற அளவில் பொருள் நீளும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு; எல்லைக்குள் இருக்கும்வரை விசையை எடுத்ததும் பொருள் பழைய நிலைக்குத் திரும்பும், தாண்டினால் புதிய வடிவிலேயே தங்கிவிடும். எல்லையைத் தாண்டியதும் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை 1934-இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினார்கள். அணு அடுக்குகளில் உள்ள சிறு பிசகுகள் ஒவ்வொன்றாக நகர்வதால்தான் உலோகம் உடையாமல் உருமாறுகிறது. அப்படி நகரும் பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது உலோகம் கடினமாகிறது. கட்டட வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கிப் பாருங்கள். முதலில் அந்த இடம் விறைக்கும், பிறகு சூடேறும், கடைசியில் அறுந்துபோகும்.

பொறியாளர்களுக்கு இந்த எல்லை அச்சம் தருவது அல்ல. அவர்கள் வேலையே அதை வைத்துத்தான். 1955 முதல் ரயில் பெட்டிகள் தயாராகும் பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற தொழிற்சாலைகளில் எஃகுத் தகட்டை அந்த எல்லைக்கு மேல் அழுத்தித்தான் வளைக்கிறார்கள். அழுத்தத்தை எடுத்ததும் தகடு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால், வேண்டிய கோணத்தைவிடச் சற்றுக் கூடுதலாக மடக்குகிறார்கள். காரின் முன்பகுதி மோதலில் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. உலோகம் மடங்குவதில் செலவாகும் ஆற்றல் உள்ளே இருப்பவரின் மார்பில் வந்து இறங்குவதில்லை. ஹெல்மெட்டின் உள்ளே உள்ள தெர்மகோல் படலமும் அப்படியே. அது ஒரே ஒருமுறை நசுங்கி உங்கள் மண்டையோட்டைக் காப்பாற்றும். நசுங்கிய இடம் மறுபடி உப்பி வராது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே தினமும் வண்டி ஓட்டுபவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இது: விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும், அதை மாற்றிவிடுங்கள்.

செயற்கைப் பாதத்துக்குத் தேவை இதற்கு நேர் எதிரானது. ஒவ்வோர் அடியிலும் அது அமுங்கி, ஒவ்வோர் அடியிலும் மீள வேண்டும். 1968-இல் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் ரப்பரையும் மரத்தையும் கொண்டு செய்யப்பட்டது; அதைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், சம்மணமிடலாம். 1981-இல் நடந்த விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் அந்தப் பாதத்துடன்தான் மீண்டும் மேடை ஏறினார். மாதவி ஆடியதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் பதினோர் ஆடல்களில் மரக்கால் ஆடலும் ஒன்று என்பதை, முதன்முதலாகச் செயற்கைக் கால் போடத் தயங்குபவர்களிடம் நான் சொல்வதுண்டு.

இனி உயிருள்ள உடலுக்கு வருவோம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் கொலாஜன் என்னும் புரத இழைகள் ஓய்வு நிலையில் அலையலையாக மடிந்திருக்கின்றன. சுமார் 2 விழுக்காடு நீளும்வரை அந்த மடிப்புகள் பிரிகின்றன. சுமார் 4 விழுக்காடு வரை இழைகளே நீண்டு, விட்டதும் மீள்கின்றன. அதற்கு மேல் போனால் நுண்ணிய கிழிசல்கள் தொடங்கி, 8 முதல் 10 விழுக்காட்டுக்குள் முழுதும் அறுந்துபோகக்கூடும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள தசைநாணுக்கு 4 விழுக்காடு என்பது வெறும் 4 மில்லிமீட்டர். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும், பேச்சில் ஜவ்வு என்று சொல்லப்படும் லிகமென்ட் ஒருமுறை அளவு கடந்து நீண்டுவிட்டால், பெரும்பாலும் தளர்ந்தே இருந்துவிடுகிறது. ஒருமுறை மோசமாகச் சுளுக்கிய கணுக்கால் மறுபடி மறுபடி சுளுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஷீட்டுக்கும் எஃகுக்கும் இல்லாத ஒன்று உடலுக்கு உண்டு. தன்னை அகற்றிவிட்டுத் தன்னையே மறுபடி கட்டிக்கொள்ள அதனால் முடியும். பிறவி வளைபாதத்துக்கான பொன்செட்டி சிகிச்சையில் இதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கலாம். பாதம் உள்நோக்கித் திரும்பிக் கீழ்நோக்கி மடிந்து பிறந்த கைக்குழந்தையின் காலை, மருத்துவர் ஒரு நிமிட நேரம் மென்மையாகப் பிடித்து, அது எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு மட்டும் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டுப் போடுகிறார். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் பாதம் புதிய நிலைக்குப் பழகியிருக்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் திருப்பி அடுத்த கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடுகிறது. பலருக்குக் குதிகால் நாணை மட்டும் சிறு கீறலில் வெட்டிவிடுவார்கள், அடுத்த மூன்று வாரக் கட்டுக்குள் அது நீண்ட நிலையிலேயே வளர்ந்து கூடிவிடும். அதன் பிறகுதான் பெற்றோரின் பங்கு. இரண்டு ஷூக்களை ஒரு பட்டையில் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயதுவரை உறங்கும் நேரத்திலும் போட வேண்டும். "கால்தான் நேராயிடுச்சே" என்று நிறுத்திவிட்டால் பாதம் மீண்டும் திரும்பிக்கொள்ளும். இந்தச் சிகிச்சையில் எந்தக் கட்டத்திலும் வலுக்கட்டாயம் இல்லை. குழந்தை வீறிட்டு அழுதால் கை அதிகமாக அழுத்துகிறது என்று பொருள்.

பிறந்த குழந்தையின் கால் இவ்வளவு மெதுவாகத்தான் இடம் கொடுக்கிறது என்றால், பத்து வயதுச் சிறுமியைச் சுவரோரம் உட்காரவைத்து, இரண்டு முட்டிகளையும் தரையோடு அமுக்குவதிலோ, காலை இருபுறமும் விரித்து உட்காரச் செய்து தோள்மேல் பெரியவர் ஒருவர் கையூன்றி அழுத்துவதிலோ என்ன கிடைக்கும்? இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பின் உட்காரும் எலும்பில் வலியோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வளரும் வயதில், தொடையின் பின்தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் உள்ள குருத்தெலும்பு அந்தத் தசைநாணைவிடப் பலவீனமானது. திடீரென அழுத்தும்போது நாண் அறுவதில்லை, எலும்புத் துண்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறது.

பரதத்தில் முட்டிகளை வெளிப்புறமாக மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால்கள் வெளிப்புறம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து நடக்க வேண்டும். எவ்வளவு திரும்பும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது தொடையெலும்பின் முறுக்கும், அது பொருந்தும் கிண்ணத்தின் அமைப்பும். எந்த அமுக்குதலும் எலும்பின் அமைப்பை மாற்றாது. இடுப்பு திரும்பாத பிள்ளையைப் பாதங்களை மட்டும் பக்கவாட்டில் வைக்கச் சொன்னால், மீதித் திருப்பம் முட்டியிலும் கணுக்காலிலும் விழுகிறது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பிள்ளையை அரைமண்டியில் நிற்கவைத்து எதிரில் உட்கார்ந்து பாருங்கள். முட்டிச் சில்லும் காலின் இரண்டாம் விரலும் ஒரே திசையை நோக்க வேண்டும். சில்லு உள்பக்கம் பார்த்து, பாதம் பெருவிரல் பக்கமாகச் சரிந்து, உள்ளங்கால் வளைவு தரையைத் தொட்டால், பாதங்களின் கோணத்தைக் குறைக்கும்படி ஆசிரியரிடம் பேசுங்கள். கோணம் குறைந்தாலும் அது அரைமண்டிதான், அழகும் குறையாது என்பதே என் உறுதியான கருத்து.

கட்டைவிரலை மடக்கினால் முன்னங்கையைத் தொடுவதும் முழங்கை பின்னோக்கி வளைவதும் சில பிள்ளைகளுக்கு இயல்பாகவே வரும். வகுப்பில் அவர்களைத்தான் எல்லோரும் பாராட்டி இன்னும் வளைக்கச் சொல்கிறார்கள். மூட்டுகள் ஏற்கெனவே தளர்ந்த இவர்களுக்குத் தேவை தசை வலு. மற்றப் பிள்ளைகளும் உடல் சூடேறிய பின், தாங்களாகவே, வலி தொடங்கும் முன் நிறுத்தி, அரை நிமிடம் அப்படியே இருந்து பழகினால் போதும். தொடக்க வாரங்களில் கூடும் வளைவுக்குப் பெருமளவு காரணம், நரம்பு மண்டலம் அந்த இழுவையைப் பொறுக்கப் பழகுவதே.

தரையும் கவனிக்க வேண்டிய ஒன்று. நம் பகுதி வகுப்புகள் பெரும்பாலும் சிமென்ட் தளத்திலோ டைல்ஸிலோ நடக்கின்றன. வெறுங்காலால் தட்டடவு போடும்போது தரை விட்டுக்கொடுக்காத அதிர்ச்சியைக் கெண்டைக்கால் எலும்பு வாங்கிக்கொள்கிறது. எலும்பு கூடுதல் சுமைக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்பது 1892-இலேயே யூலியஸ் வோல்ஃப் எழுதிவைத்த உண்மை. ஆனால் பழைய எலும்பை அகற்றும் வேலை சில வாரங்களில் முடிகிறது, புதிய எலும்பு முழு உறுதி பெறுவதற்கோ சில மாதங்கள் ஆகின்றன. அரங்கேற்றமோ டிவி போட்டியோ நெருங்குகிறதென்று பயிற்சி நேரத்தைத் திடீரென இரட்டிப்பாக்கினால், எலும்பு மிகவும் நலிந்திருக்கும் வாரங்களிலேயே மிகப் பெரிய சுமை விழுகிறது. நேரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலுக்கு முழு ஓய்வு கொடுங்கள், முடிந்தால் மரப்பலகைத் தளத்தில் ஆடவிடுங்கள்.

முன்னங்கால் எலும்பில் ஒரே விரலை வைத்து "இங்கேதான்" என்று பிள்ளை காட்டினால், அதுவும் ஆடாத நேரத்திலோ இரவிலோ வலித்தால், தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். ஆட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சோர்வால் எலும்பில் விழும் விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். முதல் படம் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால், மறுபடி படம் எடுக்க வேண்டுமா, எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.