டவாலி: சொல் விளக்கம்

திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் டபேதாரை, அதாவது கலெக்டரின் சேவகரைப் பார்த்தவர்களுக்கு டவாலி தெரியும். வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து குறுக்கே இறங்கும் சிவப்புப் பட்டை, அதில் மினுங்கும் பித்தளைத் தகடு. பட்டையையும் தகட்டையும் சேர்த்தே டவாலி என்கிறோம். சொல்லின் வேர்ப்பொருள் வார் மட்டும்தான். பாரசீகத்தில் 'துவால்' என்றால் தோல்வார். உருது வழியாக இங்கே வந்து, நம் வாயில் தகரம் டகரமாகிவிட்டது.

டபேதாரும் பட்டாளத்துச் சொல்தான். குதிரைப்படையில் அது ஒரு பதவி, காலாட்படை ஹவில்தாருக்குச் சமம். கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் ஆபீசுக்கு வந்தபோது குதிரை போய், பேர் மட்டும் தங்கிவிட்டது.

தகட்டின் கதை இன்னும் சுவையானது. பாளையங்கோட்டையில் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) இருந்த காலத்தில் சிப்பாய் மார்பில் இரண்டு வார்கள் குறுக்காகப் போகும். ஒன்றில் தோட்டாப் பை, மற்றதில் துப்பாக்கிமுனைக் கத்தி. கத்தி வாரில், நெஞ்சுக்கு நேராக, படைப்பிரிவின் எண் பொறித்த தகடு இருக்கும். 1855-இல் பிரிட்டிஷ் காலாட்படை இந்தத் தகட்டைக் கைவிட்டு இடுப்பு வாருக்கு மாறியது. சேவகர் மார்பில் மட்டும் தகடு நீடித்தது. வடக்கே அதற்குச் 'சப்ராஸ்' என்று பேர். அதை அணிந்தவர் சப்ராசி.

'பேட்ஜ்' என்கிற இந்தத் தகட்டுக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை, வில்லை இருக்கிறது. சூட வில்லை, சடைவில்லை என்று தட்டையான சிறு பொருளுக்கெல்லாம் அதுதான் பேர். தகடு அணிந்த பியூனை வில்லைச் சேவகன் என்றே பழைய வழக்கு சொல்லும். தெலுங்கில் பில்ல, நம் பேச்சிலும் பில்லை. சரி, 'சின்னம்' போதாதா என்று கேட்கலாம். சின்னம் என்பது உருவம், வில்லை என்பது கையில் எடுக்கிற பொருள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் யானை, 1803 அசாயே போரை நினைவூட்டும் சின்னம். அந்த யானையைத் தாங்கித் தொப்பியில் இருப்பது வில்லை. சட்டைக் கையில் நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று என்று தைக்கும் துணிக்கோடுகளை வில்லை என்றால் பொருந்தாது. அவை பட்டைகள்.

பழைய பித்தளையோடு எடைக்கு வரும் தகடுகளைப் பொறுக்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு காசு விஷயம். எழுத்தைப் பாருங்கள். ஆபீஸ் பேர், அதிலும் ஆங்கிலத்தோடு தமிழும் இருந்தால் அது சேவகன் வில்லையாகத்தான் இருக்கும். படைப்பிரிவு எண்ணோ பேரோ இருந்தால் பட்டாளத்து வில்லையா என்று பார்க்கலாம். உடனே நம்பிவிடக் கூடாது, புதிதாக வார்த்த போலிகள் நிறைய உலவுகின்றன. சேகரிப்புப் பட்டியலில் முன்னதைச் 'சேவகன் வில்லை' என்றும், பின்னதைக் 'குறுக்குவார் வில்லை' என்றும் எழுதலாம். வாரும் சேர்ந்தே கிடைத்தால் மட்டும் டவாலி என்று எழுதுங்கள்.