நுரையீரலே இல்லாமல் மூச்சு விடும் உயிரினங்கள்

சாலமண்டர் என்பது தவளைக்கு உறவான, பல்லி போன்ற உருவமுள்ள உயிரினம். உலகத்திலுள்ள சாலமண்டர் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு நுரையீரலே கிடையாது. வளர்ந்தபின் பெரும்பாலானவற்றுக்குச் செவுளும் இருக்காது. பாவம் என்று நினைக்க வேண்டாம், 400க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகி காட்டுத் தரை, மரம், குகை என்று எங்கும் நன்றாகவே வாழ்கின்றன. மூச்சு மொத்தமும் தோல் வழியாகவும் வாயின் உட்புறச் சவ்வு வழியாகவும்தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நம் நுரையீரலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது: மெல்லிய, ஈரமான ஒரு சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம், ஆக்சிஜன் அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத் தானாகவே ஊடுருவிப் போகும். பள்ளியில் விரவல் என்று படித்தோமே, அதேதான். நமக்கு அந்தச் சவ்வு நெஞ்சுக்குள் பத்திரமாக இருக்கிறது, இவற்றுக்கு வெளியே இருக்கிறது.

வெளியே இருப்பதால்தான் தொல்லையும். ஆக்சிஜன் ஈரத்தில் கரைந்தால்தான் உள்ளே நுழையும் என்பதால் தோல் காயவே கூடாது. மண்புழு எப்போதும் வழவழவென்று இருப்பதும், வெயிலில் மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டிச் சாவதும் இதனால்தான். தோல் தடிக்கவும் கூடாது. அப்புறம், உடம்பு பெருத்தாலும் சிக்கல்: நீளம் இரண்டு மடங்கானால் தோலின் பரப்பு நான்கு மடங்குதான் கூடும், எடையோ எட்டு மடங்கு கூடிவிடும், அவ்வளவு உடம்புக்கும் ஆக்சிஜன் எடுத்துக் கொடுக்கத் தோல் போதாது.

இந்தக் கணக்கை டிட்டிகாகா ஏரித் தவளை சமாளிக்கும் விதம் அலாதியானது. பெரு, பொலிவியா எல்லையில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி அது. அங்கே காற்றழுத்தமே குறைவு, அதனால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. தவளையின் நுரையீரல் சிறுத்துப் போயிருக்கிறது, அதற்குப் பதிலாகத் தோல் விலாவிலும் தொடையிலும் தொளதொளவென்று மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, அதற்குள் ஏராளமான ரத்த நுண்குழாய்கள். ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் கால்களை ஊன்றிக்கொண்டு தண்டால் எடுப்பதுபோல் மேலும் கீழும் ஆட ஆரம்பித்துவிடும். தோலை ஒட்டி நிற்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அதை விலக்கிவிட்டால்தானே புது நீர் வந்து தோலைத் தொடும்!

நுரையீரல் உள்ள தவளைகளும் தோலைச் சும்மா விடுவதில்லை. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் 1904இல் தோல் வழி மூச்சையும் நுரையீரல் வழி மூச்சையும் தனித்தனியாக அளந்து காட்டினார்: கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. அது ஆக்சிஜனைவிட 20 மடங்குக்கும் மேலாக நீரில் கரையும், எனவே ஈரத்தோலைத் தாண்டுவது அதற்கு எளிது. குளிர்காலத்தில் நீரடியில் உறங்கும் தவளைக்கோ வரவு, செலவு இரண்டுமே தோல்தான், குளிரில் உடம்பின் தேவை அவ்வளவு குறைந்துவிடுவதால் அதுவே போதும்.

சரி, நமக்கு? நம் தோலின் வெளிப்புறத்தில் 0.25 முதல் 0.40 மில்லிமீட்டர் ஆழம் வரை நேரடியாகக் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது அந்த அடுக்கின் செலவுக்கே சரியாகிவிடும், மற்ற உறுப்புகளுக்குப் போவது கணக்கில் வராத அளவு. எனவே உடம்பு முழுக்கப் பெயின்ட் பூசினால் மூச்சுமுட்டிச் செத்துவிடுவோம் என்பது கட்டுக்கதை. வேர்வை வெளியேற வழியில்லாமல் உடம்பு சூடேறுவதுதான் அதில் நிஜமான ஆபத்து.