ஹப் மோட்டார்: குடமா, மையமா?

போன மாதம் என் மின் ஸ்கூட்டரின் பின் டயர் பஞ்சர். தெருமுனைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது மோட்டார் வீலு சார். ட்யூப்லெஸ்ஸா இருக்கறதால தப்பிச்சீங்க. கழட்டணும்னா ஒயரப் புடுங்கணும், நான் கைய வைக்க மாட்டேன்." அவர் மோட்டார் வீல் என்றதைத்தான் வண்டி விற்கிறவர்கள் ஹப் மோட்டார் என்கிறார்கள். மோட்டார் வேறு, சக்கரம் வேறு என்றில்லாமல், சக்கரத்தின் நடுப்பகுதியே மோட்டாராக இருப்பது.

மோட்டார் என்ற சொல்லை நான் தொடப்போவதில்லை. அசைப்பது என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. மின்னோடி, மின்னியக்கி என்றெல்லாம் எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச 'மோட்டார் போட்டுட்டு வா' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவரும் ஊரில் அது நம் சொல்லாகிவிட்டது. சிக்கல் 'ஹப்' என்பதில்தான்.

ஆங்கிலத்திலேயே அது பிந்தி வந்த சொல். சக்கரத்தின் நடுக்கட்டைக்கு அங்கே பழைய பெயர் 'நேவ்'. ஜெர்மனில் இன்றும் 'நாபே'. சமஸ்கிருதத்தில் 'நாபி'. மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் தொப்புளோடு உறவு. வட மொழியில் நாபி என்றால் தொப்புளும் உண்டு, சக்கரத்தின் நடுவும் உண்டு. அவர்கள் அந்த இடத்தைத் தொப்புளாகப் பார்த்தார்கள். நம் தச்சர்கள் பானையாகப் பார்த்தார்கள். நடுவில் உப்பி இரு முனையிலும் ஒடுங்கிய அந்தக் கட்டைக்கு மாட்டுவண்டிக்காரர் வைத்த பெயர் குடம். குடத்தில் துளையிட்டு ஆரக்கால்களைச் செருகுவார்கள், ஆரக்கால்களின் மறுமுனையில் வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. ஆகவே ஹப் மோட்டார் என்பது குட மோட்டார். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

உருவம் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. அது வண்டியோடு கட்டப்பட்டு நிற்கும். குடம்தான் அதைச் சுற்றி உருளும். கழன்று வராமலிருக்க வெளியே கடையாணி, தேயாமலிருக்க உள்ளே வண்டி மை. வழக்கமான மோட்டாரில் இது தலைகீழ்: கூடு நிற்கும், நடுத்தண்டு சுழலும். ஹப் மோட்டாரோ மாட்டுவண்டியின் கட்சி. தண்டு வண்டிச் சட்டத்தில் நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் செப்புக் கம்பி சுற்றிய நிலையி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உள்சுவரில் காந்தங்கள் ஒட்டிய வெளிக்கூடு, அதாவது சுழலி, டயரையும் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. ஒயர்கள் தண்டின் துளை வழியே வெளியே வருகின்றன. தண்டு நிற்பதால்தான் இது முடிகிறது. நட்டு தளர்ந்து தண்டு திரும்பிவிட்டால் ஒயர்கள் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். கடையாணி கழன்ற கதைதான்.

சிலர் 'மைய மோட்டார்' என்று எழுதுகிறார்கள். விமான நிலைய ஹப், வணிக ஹப் எல்லாவற்றுக்கும் மையம் என்று போட்டுப் பழகிய கை. இங்கே அது தவறு என்பேன். வண்டியின் நடுவே மோட்டாரை வைத்து, பெல்ட்டாலோ செயினாலோ பின்சக்கரத்தை இழுக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது. அதற்குத்தான் நடு மோட்டார், மைய மோட்டார் என்ற பெயர் பொருந்தும். ஓசூரிலேயே இரண்டும் உண்டு: டி.வி.எஸ். ஐகியூபுக்குப் பின்சக்கரத்துக்குள் மோட்டார். ஏத்தர் ஸ்கூட்டருக்கு நடுவில் மோட்டார், அங்கிருந்து பெல்ட். இரண்டையும் மையம் என்றால் உதிரிபாகம் வாங்கப் போகிறவன் என்ன கேட்பான்?

குடத்துக்குள் மோட்டாரை வைக்கும் யோசனை பழையது. வியன்னாவின் லோனர் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மின்கார் 1900 பாரிஸ் கண்காட்சியில் நின்றது. முன்சக்கரக் குடங்களில் மோட்டார். அதில் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ச்சி வந்தது. இன்றைய குட மோட்டார் இவ்வளவு சிறுத்ததற்குக் காரணம் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த நிலைக்காந்தம். ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கி, 1983இல் வெளியே சொன்னார்கள். (காந்தம் என்ற சொல்லும் ஒரு காதல் கதை. முழுப்பெயர் அயஸ்காந்தம்: இரும்பின் காதலன்.)

வடிவமைப்பவருக்கு இதில் முதல் தலைவலி வேகம். 10 அங்குல வளையத்தில் டயரோடு சேர்த்துச் சுமார் 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 45 கிலோமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 550 சுற்றுதான் சுற்றும். நடுவே கியர் இல்லையென்றால் மோட்டாருக்கும் அதே 550. இந்த வேகத்தில் 1000 வாட் வேண்டுமானால் ஏறக்குறைய 17 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. 3000 சுற்று சுற்றும் மோட்டாருக்கு 3 போதும். முறுக்கு விசையைக் கூட்ட, காந்தத்தை அச்சிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். குட மோட்டார் தட்டையாகவும் அகலமாகவும் இருப்பது அதனால்தான்; உண்மையில் குடத்தைவிடத் தாம்பாளத்துக்குத்தான் அது நெருக்கம்.

அடுத்தது எண்ணிக்கை. நின்றபடி ஓட்டும் இருசக்கரப் பலகையான ஹோவர்போர்டின் சக்கரம் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் நிலையியில் கம்பி சுற்றிய 27 பற்கள், கூட்டில் 30 காந்தங்கள். ஏன் இந்தக் கோணல் கணக்கு? 30க்கு 30 வைத்தால் ஒவ்வொரு காந்தமும் ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். 27க்கு 30 என்றால் ஒரு நேரத்தில் மூன்று ஜோடிகள்தான் நேருக்கு நேர் நிற்கும். மற்றவை முன்னும் பின்னுமாக இழுத்துச் சரிக்கட்டும். மிச்சமிருக்கும் பிடிப்பை, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பும்போது விரல் நுனியில் உணரலாம். கிர்ர், கிர்ர் என்று. அதற்கு ஆங்கிலத்தில் காகிங் என்று பெயர். நான் 'பல்பிடி' என்பேன். யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

வெப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண ரக நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரிக்கு மேல் ஆகாது. அதைத் தாண்டினால் வலு குறையத் தொடங்கும், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. நிலையியோ நடுவில், காற்றுப் படாத இடத்தில் சூடேறுகிறது. இருவர் ஏறிக்கொண்டு மேம்பாலத்தில் மெதுவாக ஊர்வதுதான் இந்த மோட்டாருக்குப் பெரிய தண்டனை.

குட மோட்டார் என்று நான் சொன்னபோது நண்பர் சிரித்தார்: "குடம்னா தண்ணிக்குடம்தானய்யா ஞாபகம் வரும்." வரட்டுமே. ஒயர் நுழையும் துளையின் ரப்பர் விட்டுப்போன பழைய மோட்டார் ஒன்றை, மழைக்காலம் முடிந்து ஒரு பட்டறையில் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். மூடியை நெம்பியதும் மெக்கானிக்கின் செருப்பின்மேல் செம்பழுப்பாக அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது.