கயிற்றால் உடலைக் கட்டும்போது நரம்பு எங்கே நசுங்குகிறது?

கட்டிய கை நீலம் பாரித்தால் பார்ப்பவர் பதறிவிடுவார். தோலடிச் சிரைகளில் ரத்தம் தேங்குவதால் வரும் நிறம் அது. கயிற்றைத் தளர்த்தினால் சற்று நேரத்தில் மாறிவிடும். நரம்பு நசுங்கினால் நிறம் மாறாது. பல சமயம் வலிக்கவும் செய்யாது.

வயதுவந்தவர்கள் மனமொத்துச் செய்யும் ஷிபாரி என்ற ஜப்பானியக் கயிற்றுக் கட்டுமுறையில் பெரும்பாலும் 6 மி.மீ. சணல் கயிறுதான், துண்டு ஒன்று ஏழெட்டு மீட்டர். அதில் பேர்போனது ‘தக்காத்தே கொத்தே’. கைகளை முதுகுக்குப் பின் மடக்கி, மார்பையும் மேல்கைகளையும் சேர்த்துச் சுற்றுவது. சிக்கல் அந்த மேல்கைச் சுற்றில்தான். ரேடியல் நரம்பு மேல்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றி, முழங்கைக்கு மேலே வெளிப்பக்கம் வருகிறது. அங்கே அடியில் எலும்பு, மேலே கொஞ்சம் சதை. குடித்துவிட்டு நாற்காலியின் மேல் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கியவருக்கு மறுநாள் மணிக்கட்டு தூக்க வராமல் போவதும் இதே நரம்பு நசுங்கித்தான்.

நரம்பின் மேலுறை மட்டும் கெட்டால் சில நாளிலோ வாரங்களிலோ சரியாகும். உள்ளிழை அறுந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம்தான் வளரும், 10 செ.மீ. கடக்க மூன்று மாதத்துக்கு மேல்.

அதனால் கட்டுவதற்கு முன்பு ஒருமுறை, பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கட்டப்பட்டவர் மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்க, கட்டியவர் விரலால் எதிர்த்து அழுத்துவார். பலம் குறைந்திருந்தால் ரேடியல் நரம்பு. விரல்களை அகல விரிக்க முடியாவிட்டால், அல்லது சுண்டுவிரல் மரத்தால், முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்னார். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட வராவிட்டால் மீடியன். எதுவானாலும் ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்ற பேச்சே கூடாது, அவிழ்க்க வேண்டும். ‘ரெண்டு விரல் நுழைந்தால் போதும்’ என்ற கணக்கை நம்பாதீர்கள். கட்டப்பட்டவரைக் கயிற்றில் தொங்கவிடும்போது உடல் எடை ஏறி அந்த இடைவெளி காணாமல் போகும்.

கைக்கெட்டும் தூரத்தில் ஆம்புலன்ஸில் வைத்திருக்கும் மொண்ணை முனைக் கத்தரி இருக்கட்டும். அதே கயிற்றை முன்கூட்டியே வெட்டிப் பாருங்கள். சில மலிவுக் கத்தரிகள் சணலைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். தொங்குபவரை முதலில் தாங்கிக்கொண்டு பிறகே வெட்ட வேண்டும். கழுத்தில் கயிறு எந்த அளவிலும் வேண்டாம்.

மரத்துப்போவது கட்டப்பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். சம்மதம் இங்கே பாதுகாப்புக் கருவியாகவும் வேலை செய்வது இதனால்தான். பழைய தோள் காயம், சர்க்கரை நோய் (ஏற்கெனவே நலிந்த நரம்பு சீக்கிரம் நசுங்கும்), எங்கே தொடலாம், எவ்வளவு நேரம் என்பதை எல்லாம் உடை மாற்றுவதற்கு முன்பே, குடிக்காத நிலையில் பேசி முடிக்க வேண்டும். நடுவில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. உடலில் ஊறும் எண்டார்ஃபின் வலியை மழுக்கும்; அந்த மிதப்பில் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றுதான் வரும்.

‘வேண்டாம்’ என்பது விளையாட்டின் வசனமாகவே இருக்கலாம் என்பதால் நிறுத்தத் தனிச் சொல் தேவை. பரவலாக உள்ளது சிக்னல் விளக்கு முறை: மஞ்சள் என்றால் குறை, சிவப்பு என்றால் நிறுத்து. வாய் மூடியிருந்தால் கையில் ஒரு சாவிக்கொத்து. கீழே போட்டால் நிறுத்த வேண்டும். கை மரத்துத் தானாக நழுவினாலும் அதே பதில். இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

1980களில் நியூயார்க்கில் பிறந்த ‘பாதுகாப்பு, நிதானம், சம்மதம்’ என்ற முழக்கத்தைவிட, பின்னால் வந்த ‘ஆபத்தை அறிந்த சம்மதம்’ கயிற்றுக்குப் பொருந்தும். முற்றிலும் பாதுகாப்பான தொங்கல் கிடையாது.

மறுநாள் காலை ஒருமுறை விசாரியுங்கள். மணிக்கட்டு தொங்கினால் பட்டை போட்டுத் தாங்கி, நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். கயிறு எங்கே, எவ்வளவு நேரம் அழுத்தியது என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நரம்புக் கடத்தல் சோதனையை முதல் சில நாளிலேயே எடுத்தால் பாதிப்பின் அளவு சரியாகத் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் தெரியும்.