ஹாஜியானி அம்மாவுக்கு வரும் கடிதங்கள்

கணவர் ஹாஜியார் இறந்து, மனைவி துக்கம் காக்கும் இத்தா முடிவதற்குள், அதாவது நான்கு மாதம் பத்து நாளுக்குள், கீழக்கரையில் உள்ள அந்த அம்மாவின் வீட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்திருந்தன. வெளி ஆண்கள் எவரையும் பார்க்காமல் அவர் வீட்டுக்குள் இருந்த நாட்கள் அவை என்பதால், வாசலில் டிரைவர் வாங்கிய கடிதங்களெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சேர்ந்துகொண்டே இருந்தன. இத்தா முடிந்த மறுவாரம் அந்தப் பையை என் முன் வைத்து, "தம்பி, இதில் எது மெய், எது பொய் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். இராமநாதபுரத்தில் ஆடிட்டராக இருக்கும் எனக்குக் கணக்குப் படிக்கத் தெரியும். கடிதம் படிக்கக் கற்றது அந்தப் பையிலிருந்துதான். அவருடைய அனுமதியோடு, ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றி இதை எழுதுகிறேன்.

சில கடிதங்களின் தலையில் 786 இருக்கும், சிலவற்றில் பிள்ளையார் சுழி, தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கடிதங்களில் சிறு சிலுவை. எதில் தொடங்கினாலும் பாதிக்குப் பாதி "செத்தும் கொடுத்த சீதக்காதி பிறந்த மண்" என்ற வரியைத் தொட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். ரமலானில் ஜகாத் என்னும் கடமைத் தானம் கேட்டு வருபவை தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாளில் மீனவக் குடும்பங்களின் கடிதங்கள் கூடும். அது முடியும்போது கல்லூரிக் கட்டணம் தொடங்கிவிடும்.

முதல் பையிலேயே நான் ஒரு தவறு செய்தேன். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பதினொரு கடிதங்கள் ஒரே கையெழுத்தில் இருந்தன. "தயாளகுணம்" என்ற சொல்லைப் பதினொன்றிலும் ஒரே மாதிரி பிழையாக எழுதியிருந்தார்கள். மோசடிக் கும்பல் என்று முடிவு செய்து அவற்றை ஒதுக்கி வைத்தேன். அம்மா கேட்கவில்லை, ஆள் அனுப்பி விசாரிக்கச் சொன்னார். கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் ஒரு பெரியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதியவை அவை. பதினொன்றில் எட்டு மெய்யான தேவைகள். எழுத்து ஒன்றாக இருப்பதும், நடை நாடகம்போல இருப்பதும் எதற்கும் சாட்சி ஆகாது என்று அன்று புரிந்துகொண்டேன். சொல்லப்போனால், என் கைக்கு வந்த பொய்க் கடிதங்கள் பெரும்பாலும் அழகான கையெழுத்தில் இருந்தன.

பணமுள்ள விதவையைத் தேடிக் கடிதம் வருவது நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் 1906இல் ரசல் சேஜ் என்ற பெரும் பணக்காரர் இறந்து, ஏறத்தாழ ஏழு கோடி டாலர் சொத்து அவர் மனைவி ஒலிவியாவுக்கு வந்தபோது, அந்த அம்மையாருக்கு வயது 77. முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வழக்கறிஞர் ராபர்ட் டி ஃபாரஸ்டின் ஆலோசனையோடு, மறு ஆண்டே ஒரு கோடி டாலரில் கணவர் பெயரில் ஓர் அறநிறுவனம் தொடங்கினார். எல்லாருக்கும் அது கைகூடாது. ஆனால் கடிதத்தைப் படிக்கும் ஆளும், பணம் கொடுக்கும் கையும் வேறாக இருக்கட்டும் என்ற ஏற்பாடு நம் வீடுகளிலும் முடியும்.

அந்நியர் கடிதத்தைச் சரிபார்ப்பது கடினமே அல்ல. மருத்துவச் செலவு என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்கிறோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதில் கிடைக்கும் என்பதே தெரியாமல் எழுதுபவர்கள் உண்டு. பிறகு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைக்கிறோம். கடிதத்தில் உள்ள எண்ணில் அல்ல, நாமே தேடி எடுத்த எண்ணில். பணம் மருத்துவமனைக் கணக்குக்கோ கல்லூரிக் கணக்குக்கோதான் போகும். "ரொக்கமாகத் தாருங்கள், வரிவிலக்கு ரசீது தருகிறோம்" என்று அறக்கட்டளை எழுதினால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வரிவிலக்கே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

கடினமானது தெரிந்தவரின் கடிதம். அந்நியர் பணம் கேட்பார். தெரிந்தவரோ கடனை நினைவூட்டுவார். ஜனாஸா தொழுகையின்போது, "மர்ஹூம் (இறந்தவர்) யாருக்காவது கடன்பட்டிருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள்" என்று அறிவிப்பது நம் பக்கத்து வழக்கம். கடன் தீராதவரை இறந்தவரின் ரூஹுக்கு, அதாவது ஆன்மாவுக்கு, நிம்மதி இல்லை என்று நம்பும் ஒரு மனைவியிடம், "ஹாஜியார் மௌத்தாவதற்குப் பத்து நாள் முன்புகூட என் பாக்கியைப் பற்றிப் பேசினார்" என்று எழுதினால் அவர் எப்படித் தாங்குவார்? அப்படி எழுதியவர் குடும்பத்துக்கு நெருங்கியவர், கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் முன்னால் நிற்பவர். 2019 மார்ச்சில் கடையில் வைத்து நான்கரை லட்சம் கைமாற்றாகக் கொடுத்ததாகவும், நம்பிக்கையின் பேரில் எழுத்து எதுவும் வாங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அம்மா காசோலைப் புத்தகத்தையே எடுத்துவிட்டார். ஒரு வாரம் தவணை கேட்டு, ஹாஜியாரின் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். அந்த மார்ச் முழுக்க அவர் மலேசியாவில் இருந்ததற்கு முத்திரை இருந்தது. எழுதியவரிடம் மரியாதையாக அதைச் சொன்னோம். மாதம் மறந்திருக்கலாம் என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். புரோ நோட்டு எழுதி மூன்று ஆண்டு கடந்து, இடையில் வரவும் இல்லை, எழுத்தில் ஒப்புதலும் இல்லை என்றால் வழக்கு நிற்காது. இந்தக் காலாவதி வாதத்தை அம்மாவிடம் நான் வைப்பதில்லை. மார்க்கப்படி கடன் கடன்தான் என்பார், அது அவர் உரிமை. ஆதாரம் மட்டும் கேட்கிறேன்: வங்கிக் கணக்கில் பணம் எடுத்த வரி, ஒரு துண்டுச் சீட்டு, உடனிருந்த ஒருவர். வெற்றுக் காசோலை, ஜாமீன் கையெழுத்து, பவர் பத்திரம் கேட்டு வரும் கடிதங்களுக்கு எவர் எழுதினாலும் என் பதில் ஒன்றே. அவற்றை அம்மாவிடம் காட்டுவேன், பரிந்துரைக்க மாட்டேன். இதே வித்தைகள் இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

பாஸ்போர்ட்டைப் புரட்டிய அந்த வாரம் ஹாஜியாரின் பாக்கெட் நோட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, கடைசிக்கு முந்தைய தாளில் பென்சிலால் "பெ.பட்டினம் டீக்கடை 1,140" என்று இருந்தது. அந்தத் தொகை கேட்டு எந்தக் கடிதமும் வந்ததில்லை. பெரியபட்டினத்தில் விசாரித்துக் கடைக்காரரைக் கண்டுபிடித்து, அம்மா தாமே காரில் போய்க் கொடுத்தார். ஒன்றரை வருடமாக ஏன் கேட்கவில்லை என்றதற்கு அவர், "இத்தா முடியட்டும்னு இருந்தேம்மா. அதுக்கப்புறம் கேக்கக் கூச்சமாப் போச்சு" என்றார்.