டெலீட்: நீக்கமா, அழிப்பா?

போன தீபாவளிக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா ஒரு பழைய மேசைக் கணினியை வெளியே போட முடிவுசெய்தார். சிங்கப்பூரில் பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே எங்கள் புளோக்கைச் சுற்றி வரும் சனிக்கிழமைக் காலை. "எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன் தம்பி, குடுத்துடலாம்ல?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் அவகாசம் வாங்கிக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்தேன். மகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், வங்கிக் கணக்கு அறிக்கைகள், எப்போதோ ஒரு நோயைப் பற்றி அவர் தேடிப் படித்த பக்கங்களின் படங்கள் என்று வரிசையாக எழுந்து வந்தன. அக்காவின் முகம் வாடிவிட்டது. "அழிச்சுட்டேனேப்பா!" என்றார்.

அவர் செய்தது நீக்கம். அழிப்பு நடக்கவே இல்லை. தமிழில் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். டெலீட் என்று ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லப் பழகியதால் அந்த வேறுபாடு நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

டெலீட்டின் மூலம் லத்தீன். 'டெலேரே' என்றால் துடைத்து ஒழிப்பது. கார்தேஜ் நகரம் இருக்கவே கூடாது என்று ரோமின் மூத்த கேட்டோ ஓயாமல் வற்புறுத்தியதாகச் சொல்லப்படும் வாசகத்தில் வருவதும் இதே வினைதான். கி.மு. 146இல் அந்த நகரத்தை ரோமர்கள் தரைமட்டமாக்கினார்கள். அச்சுப்படி திருத்துபவர்கள் வேண்டாத எழுத்தைச் சுழித்து ஓரத்தில் போடும் 'டீலி' குறியும் அந்த வினையின் ஏவல்தான்: 'அழி!' ஆக, பிறந்தபோது இது முழு அழிப்பைக் குறித்த சொல்.

கணினிக்குள் நுழைந்த காலத்திலும் அந்தப் பொருள் அதற்கு இருந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அப்போது செய்திகளைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்திவைத்தார்கள். தவறான எழுத்தைக் குத்திவிட்டால் துளையை அடைக்க முடியாது. அதனால் நாடாவைப் பின்னுக்கு இழுத்து, அந்த வரிசையில் மிச்சமிருக்கும் இடங்களையும் சேர்த்து ஏழு துளைகளையும் குத்திவிடுவார்கள். ஏழும் துளையாக இருந்தால் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீடு 1963இல் வந்தபோது அதில் டெலீட்டுக்கு 127 என்ற எண் கிடைத்தது இதனால்தான். துளை என்றால் ஒன்று; ஏழு ஒன்றுகளை இரும எண்ணாகப் படித்தால் 127. கீழே என்ன எழுத்து இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதன் மேலேயே எழுதியாகிவிட்டது.

வட்டுகள் வந்த பிறகு கதை மாறியது. ஒவ்வொரு கோப்பின் மேலும் எழுதிக்கொண்டிருந்தால் நேரமாகும். ஆகவே கணினி ஒரு குறுக்குவழியைப் பிடித்தது: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் பட்டியலில் மட்டும் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. கோப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. வேறொன்று அதே இடத்தில் வந்து உட்காரும்வரை அது பத்திரமாகத்தான் இருக்கும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அஞ்சல் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா? ஒரு பெட்டியிலிருந்து வீட்டெண்ணைக் கழற்றிவிட்டால் தபால்காரர் தடுமாறலாம். ஆனால் மேலே அந்த வீடும் அதில் குடியிருப்பவர்களும் அப்படியேதான் இருப்பார்கள்.

இந்த வேலைக்கு 'நீக்கு' என்பது அச்சாகப் பொருந்துகிறது. நீங்கு, நீக்கு இரண்டும் விலகுவதையும் விலக்குவதையும் சொல்பவை. "யாதனின் யாதனின் நீங்கியான்" என்கிறது 341ஆம் குறள். நீங்கியவன் விலகிப்போகிறான், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 'அழி' அப்படி இல்லை. "செறுவார்க்கும் உள்ளழிக்க லாகா அரண்" என்ற 421ஆம் குறளில் அழிப்பது என்றால் உள்ளே புகுந்து ஒன்றுமில்லாமல் ஆக்குவது. நம் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் 'அழிப்பான்' என்ற சொல்லும் இதே கருத்தில்தான் நிற்கிறது. தேய்த்த பிறகும் எழுத்து தெரிந்தால் "சரியா அழி" என்று ஆசிரியர் சொல்வார். "சரியா நீக்கு" என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே என் கருத்து இது: டெலீட்டுக்கு 'நீக்கு' சரியான சொல். மீட்க முடியாதபடி ஒழிக்கும் வேலைக்கு மட்டும் 'அழி' என்பதை வைத்துக்கொள்ள வேண்டும். இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் உலாவிகளில் (பிரவுசர்) உலாவல் தரவை 'அழி' என்று பொத்தான் இருந்தால், அது வாக்குக் கொடுப்பது அதிகம், செய்வது குறைவு.

உலாவிக்குள் தங்குபவை என்னென்ன? சென்று வந்த பக்கங்களின் பட்டியலை ஹிஸ்டரி என்கிறார்கள். சிலர் இதை 'வரலாறு' என்று மொழிபெயர்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும், சோழர் காலம் நினைவுக்கு வருகிறது. 'உலாவிய தடம்' போதும். அடுத்தது குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுலி இணையத்துக்குக் கொண்டுவந்த சிறு அடையாளச் சீட்டு. நிரலாளர்கள் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கி' என்ற பெயரிலிருந்து வந்தது என்பதால் 'பிஸ்கட்' என்றெல்லாம் பெயர்க்க வேண்டாம், குக்கியாகவே இருக்கட்டும். மூன்றாவது கேஷ். பிரெஞ்சில் 'காஷே' என்றால் ஒளித்துவைப்பது. பார்த்த பக்கத்தின் படங்களை மறுமுறை சீக்கிரம் காட்டுவதற்காக உலாவி ஒதுக்கிவைத்துக்கொள்கிறது. 'பதுக்கம்' என்றால் மூலச் சொல்லின் உயிர் அப்படியே வந்துவிடும். அக்காவின் நோய்ப் பக்கங்கள் எழுந்து வந்தது இந்தப் பதுக்கத்திலிருந்துதான்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் இவற்றை நீக்கும் பெட்டி திறக்கும். கால அளவில் 'எல்லா நேரமும்' என்று மாற்ற மறந்துவிடாதீர்கள். கடவுச்சொற்களும் படிவங்களில் நிரப்பியவையும் தனியாக டிக் செய்ய வேண்டியவை. உலாவியை இணையக் கணக்கு ஒன்றோடு ஒத்திசைத்திருந்தால் (சிங்க்) அந்தக் கணக்கிலும் போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் நடப்பது நீக்கம்தான். நாம் தொடர்ந்து பயன்படுத்தும் சொந்தக் கணினிக்கு அது பெரும்பாலும் போதும். கணினி வீட்டைவிட்டு வெளியே போகும்போதுதான் அழிப்பு வேண்டும்.

இது வீண் பயம் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் பழைய வன்வட்டுகளை வாங்கிச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 வட்டுகளில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12தான். மற்றவற்றை விற்றவர்களில் எத்தனை பேர் நம் அக்காவைப்போல 'டெலீட் பண்ணியாச்சு' என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள்!

சுழலும் பழைய வன்வட்டு என்றால், காகித நாடாவின் வழியேதான் திரும்பிப் போக வேண்டும்: முழுவதும் மேலெழுதுவது. ஒருமுறை எழுதினாலே போதும், 35 முறை என்பதெல்லாம் பழைய பேச்சு. விண்டோஸில் கணினியை மீட்டமைக்கும்போது 'வட்டைச் சுத்தம் செய்' என்ற தெரிவைச் சேர்த்தால் இது நடக்கும். எஸ்எஸ்டி, அதாவது சுழலாமல் சில்லுகளில் சேமிக்கும் வட்டு என்றால் மேலெழுதுவதை நம்ப முடியாது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது நாம் சொல்லும் இடத்தில் எழுதாமல் வேறிடத்தில் எழுதிவிடும். அதற்கு நல்ல வழி, கணினி வாங்கிய முதல் நாளிலேயே முழு வட்டையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்வது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது. விடைகொடுக்கும்போது சாவியை ஒழித்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் புரியாத குப்பை.

இந்த முழு வேலைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்றால் வெளியே தேட வேண்டாம். 'சுவடு தெரியாமல் அழிப்பது' என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். 'சுவடழிப்பு' என்று அதைச் சுருக்கிக்கொள்ளலாம். 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊர் நம் சிங்கப்பூர். கணினிச் சொல்லை நாமே கூடிப் பேசி முடிவுசெய்வது இங்கே புதிதில்லை.

அக்காவின் கணினிக்கு அன்று இரவு மேலெழுத விட்டோம். மறுநாள் காலைதான் முடிந்தது. மீட்பு மென்பொருளை மறுபடி ஓட்டினேன், ஒரு கோப்புகூட வரவில்லை. அடுத்த வாரம் இருவருமாகத் தூக்கிப்போய் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.