எண்சாண் உடம்பும் அரை டன் காரும்

இங்கிலாந்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் உயரம் 6 அடி 3 அங்குலம். கேட்டர்ஹாம் மாதிரி, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் எனக்கு வெகுநாள் ஆசை. ஆறடியைத் தாண்டியவன் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?”

பாதி உண்மை. ஆனால் 6 அடி 3 அங்குலம் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதில் இடுப்புக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இந்த வம்சத்தின் மூதாதை. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூண்டு, மேலே அலுமினியத் தகடு, முன்னால் ஒரு சின்ன எஞ்சின், பின்சக்கரங்களை ஒட்டி இரண்டு இருக்கை. அவ்வளவுதான். முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் அன்று கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் கிடையாது. பூட்டும் வழிமுறையைச் சேர்த்துக் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் வழிமுறையைக் கொடுத்து ‘தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்’ என்றார்களாம். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த ஆதாயம் போனது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்குக் கைமாறியது. வரி போனாலும் வீட்டில் பூட்டும் பழக்கம் போகவில்லை. 2021-இல் வந்த கேட்டர்ஹாம் 170-இன் எடை வெறும் 440 கிலோ. நம் பழைய மாருதி 800 கூட 650 கிலோவை ஒட்டி நிற்கும்.

எடையைக் குறைத்தால் சின்ன எஞ்சினே போதும், பிரேக்குக்கு வேலை குறைவு, வளைவில் டயருக்குச் சுமை குறைவு. இது பள்ளிக்கூட நியூட்டன்தான், விளக்கத் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில். இந்த மிச்சத்தில் ஒரு பகுதி, ஓட்டுநரைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பிடித்துக் குறைத்ததால் வந்தது. சாதாரணக் காரில் தலைக்கு மேல் ஒரு சாண், முழங்காலுக்கு முன் ஒரு சாண் சும்மா கிடக்கும். செவனில் அப்படி எதுவும் கிடையாது. வடிவமைத்தவர் மனதில் எந்த உடம்பு இருந்ததோ, கார் அந்த உடம்பின் மேல் தைத்த சட்டை.

அந்த உடம்பு யாருடையது? நம் பெரியவர்கள் ‘எண்சாண் உடம்பு’ என்றார்கள். அவரவர் கையால் எட்டுச் சாண். கேட்க அழகாக இருக்கிறது. எல்லோரும் ஒரே விகிதத்தில்தான் இருக்கிறார்கள், சிலர் பெரிய அச்சு, சிலர் சின்ன அச்சு என்று இதற்கு அர்த்தம். அமெரிக்க விமானப்படையும் ஏறக்குறைய இதையே நம்பிக்கொண்டு, விமானி அறைகளைச் சராசரி விமானிக்காகக் கட்டிக்கொண்டிருந்தது. 1950-இல் 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவுகளைத் தேர்ந்தெடுத்து, அத்தனையிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. எந்த மூன்று அளவுகளை எடுத்தாலும் தேறியவர்கள் 3.5 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகுதான் விமானி அறைகளில் நகர்த்தக்கூடிய இருக்கையும் பெடலும் கட்டாயமாயின. சாமுத்திரிகா லட்சணம் பார்த்து யோகம் சொல்கிறவர்கள் டேனியல்ஸின் அட்டவணையை ஒருமுறை பார்த்தால் நல்லது. ஒன்றை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்: முழங்கால் தொடும் நீண்ட கைகள், செவன் ஓட்டுகிறவருக்கு நிஜமாகவே அதிர்ஷ்டம்தான். ஏன் என்பது இன்னும் சில பத்திகளில் தெரியும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் ஒரு எலும்புச் சங்கிலி: குதிகால், முழங்கால், இடுப்பு, தோள், தலை. எலும்பின் நீளத்தை யாரும் மாற்ற முடியாது. மூட்டுகளின் கோணத்தை மட்டும் மாற்றலாம். உயரம் இடிக்கிறது என்றால் எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, ‘கொஞ்சம் சாய்ந்து உட்காரு’ என்பது. எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு கிடைக்கும்? இடுப்பு மூட்டிலிருந்து கழுத்தடி வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தலையைச் சாய்க்க முடியாது, சாலையைப் பார்க்க வேண்டுமே. அதனால் அதைக் கணக்கில் விட்டுவிடுவோம். நேராக உட்கார்ந்தால் கழுத்தடி 60 செ.மீ. உயரத்தில். 10 பாகை சாய்ந்தால், 60-ஐக் கொசைன் 10-ஆல் பெருக்க வேண்டும்: 59.1. முழுசாகப் 10 பாகை சாய்ந்தும் ஒரு செ.மீ. கூடத் தேறவில்லை. 30 பாகையில் 52. 40 பாகையில் 46. இதுவும் அதே 10 பாகைச் சாய்வுதான், ஆனால் இந்த முறை 6 செ.மீ. கிடைக்கிறது!

கொசைனின் குணம் இது. தொடக்கத்தில் சோம்பேறி, போகப் போகச் சுறுசுறுப்பு. அதனால்தான் பாதிச் சாய்வு யாருக்கும் பயன்படுவதில்லை. ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் ஏறக்குறைய படுத்தே ஓட்டுவது இந்தக் கணக்கால்தான்.

சாய்வுக்கு விலை உண்டு. 30-இலிருந்து 40 பாகைக்குப் போகும்போது தோள் 8.6 செ.மீ. பின்னால் போகிறது. செவனில் தோளுக்குப் பின்னால் இடம் ஏது? முதுகுத் தகட்டுக்கு அப்பால் பின் அச்சு வந்துவிடும். தோள் பின்னால் போக முடியாவிட்டால் இடுப்புதான் அதே 8.6 செ.மீ. முன்னால் நகர வேண்டும். முன்னால் பெடல்கள் அசையாமல் இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் மேலே கிளம்புகிறது.

எவ்வளவு கிளம்பும்? பிதாகரஸ் போதும். தொடையும் கெண்டைக்காலும் தலா 47 செ.மீ. என்று கொள்வோம், இடுப்பும் கணுக்காலும் ஒரே மட்டத்தில், காரின் தரையை ஒட்டி. காலை முழுக்க நீட்டினால் இரண்டுக்கும் இடையே 94 செ.மீ., முழங்கால் மேடே இல்லை. 90 செ.மீ.தான் கிடைக்கிறது என்றால் முழங்கால் 13.6 செ.மீ. எழும். நான்கு செ.மீ. குறைந்ததற்கு இத்தனை உயரம்! 85 என்றால் 20. 80 என்றால் 24.7. 75 என்றால் 28.3. முழங்காலின் குணம் கொசைனின் குணத்துக்கு நேர் எதிர்: தொடக்கத்தில்தான் துள்ளல், பிறகு அடங்கிவிடும்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 90 செ.மீ. இருந்த இடத்தில், சாய்வதற்காக இடுப்பை 8.6 செ.மீ. முன்னால் தள்ளினால் முழங்கால் 23.5 செ.மீ.க்குப் போய்விடும். தலைக்கு 6 செ.மீ. மிச்சம் பிடிக்க முழங்காலுக்கு 10 செ.மீ. செலவழித்திருக்கிறோம். அந்த முழங்கால் ஸ்டீயரிங் வளையத்தின் அடியில் போய் முட்டும். வளைவில் கையைத் திருப்பினால் தொடையில் இடிக்கும். நீண்ட கைக்காரருக்கு மட்டும் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழங்காலுக்கு அப்பால், முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்.

ஆகவே ஒரே 6 அடி 3 அங்குலம் கொண்ட இருவருக்கு எதிரெதிர் வைத்தியம். கால் நீண்டவருக்குச் சாய்வு எதிரி. பெடல் பெட்டியை முன்னால் தள்ளுவதுதான் மருந்து. 85-இலிருந்து 90-க்கு, அதாவது 5 செ.மீ. பெடல் நகர்ந்தால் முழங்கால் 6 செ.மீ.க்கு மேல் இறங்குகிறது. அந்த விலைக்கு வேறு எந்த மாற்றமும் இவ்வளவு தராது. கிளட்ச்சை முழுக்க மிதித்த நிலையிலும் கால் சற்று மடங்கியிருக்க வேண்டும் என்பதால் 94-ஐத் தொட முடியாது, அவ்வளவுதான். உடல் நீண்டவருக்குப் பெடலால் பயனில்லை. அவருக்கு வேண்டியது தாழ்ந்த தரை. கேட்டர்ஹாமில் இருக்கைக்குக் கீழே மட்டும் தரையைக் கிண்ணம் போல இறக்கித் தரும் வசதி உண்டு. வேகத்தடையில் அந்தக் கிண்ணம் உரசும், அது தனிக் கதை.

கூரையே இல்லாத காரில் தலை உயரத்தைப் பற்றி எதற்குக் கவலை என்று கேட்கலாம். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பது பின்னால் இருக்கும் ரோல் பார் என்ற குழாய் வளைவு மட்டுமே. அதன் உச்சியிலிருந்து காரின் முன்பகுதிக்கு ஒரு நீளக் குச்சியை வைத்துப் பார்ப்பார்கள். ஹெல்மெட் அந்தக் குச்சிக்குக் கீழே இருந்தாக வேண்டும். பந்தயத் தளங்களில் இதற்குத் துடைப்பக் கட்டைச் சோதனை என்றே பெயர். இன்னொன்று அவ்வளவாகக் கண்ணில் படாது. தோள் பட்டைகள் கட்டப்படும் இடம் தோளைவிட மிகவும் கீழே இருந்தால், மோதலின்போது பட்டை உடம்பைப் பின்னால் பிடிப்பதோடு நிற்காமல் கீழ்நோக்கியும் இழுக்கும், முதுகெலும்பு நசுங்கும். உடல் நீண்டவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிகவும் சாய்ந்து உட்கார்ந்தாலும் வம்பு உண்டு, இடுப்புப் பட்டை எலும்பை விட்டு வழுக்கி வயிற்றுக்கு ஏறும். கார் அழகாக இருக்கிறது என்று இதில் சமரசம் செய்துகொள்கிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

கூரை உள்ள கார்களில் கதை இன்னும் வேடிக்கை. ஃபோர்டு ஜிடி40-இன் பெயரில் உள்ள 40, தரையிலிருந்து கூரைக்கு 40 அங்குலம் என்பதைக் குறிக்கிறது; ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1967-இல் லெ மான் பந்தயத்துக்கு வந்த அதன் மார்க் 4 வடிவத்தில் ஆறடியை நன்றாகத் தாண்டிய டான் கர்னியின் ஹெல்மெட் அடங்கவில்லை. கதவின் மேல்பகுதியில் ஒரு மேட்டைத் தட்டி எழுப்பினார்கள். ‘கர்னி குமிழ்’ என்று இன்றும் பெயர். ஏ. ஜே. ஃபாய்ட்டுடன் சேர்ந்து அந்தப் பந்தயத்தை அவர் வென்றார். எல்லோருக்கும் குமிழ் கிடைப்பதில்லை. 1995-இல் ஃபார்முலா ஒன் முன்னாள் உலக சாம்பியன் நைஜல் மான்சல் மெக்லாரனின் காரில் அடங்காமல், அகலமான சட்டம் தயாராகும் வரை முதல் இரண்டு பந்தயங்களைத் தவறவிட்டார். அவருக்குத் தடையாக இருந்தது உயரம்கூட அல்ல, அகலம்.

அகலம் செவனிலும் தலைவலிதான், குறிப்பாகக் காலடியில். மூக்கு குறுகிக்கொண்டே போகும் கார் இது. நடுவில் கியர்பாக்ஸுக்கான சுரங்கம் இடத்தைத் தின்றுவிடும். மிச்சத்தில் மூன்று பெடல். பெரிய பாதக்காரர் பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து இறங்கும். மெல்லிய அடி கொண்ட பந்தயக் காலணி போடுவது இவர்களுக்கு அத்தியாவசியம்.

சரி, நம் வாசகர் எதைப் பார்க்கலாம்? கேட்டர்ஹாமிலேயே எஸ்வி என்ற பெரிய சட்டம் உண்டு. வழக்கமான சட்டத்தைவிட 11 செ.மீ. அகலம் கூட. மேலே சொன்ன 170 அதற்கு நேர்மாறு, ஜப்பானியக் குட்டிக் கார் விதிகளுக்காகக் குறுக்கியது, அதை மறந்துவிடலாம். பழைய வண்டி போதுமென்றால் வெஸ்ட்ஃபீல்டின் அகல வகைகள். பணம் தடையில்லை என்றால் டச்சு நிறுவனமான டோங்கர்வோர்ட். உலகிலேயே உயரமான மக்கள் வாழும் நாட்டில் 1978-இலிருந்து செவன் வம்சத்துக் கார் கட்டுகிறவர்களுக்கு நீளக் கால்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம்மூரிலும் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் கட்டிக்கொண்டு வரும் ஒற்றை இருக்கைக் கார்களும் இதே சோதனைக்குத் தப்ப முடியாது. இந்த வகைப் போட்டிகளில் மனித உடம்புக்குப் பதிலாக ஒரு தட்டையான மாதிரி உருவத்தைக் காருக்குள் உட்கார வைத்துப் பார்ப்பார்கள்: இடுப்புக்கு 200 மி.மீ. வட்டம், தோளுக்கு இன்னொரு 200, ஹெல்மெட் போட்ட தலைக்கு 300. முதல் இரண்டு வட்டங்களின் மையங்களுக்கும் நடுவே 490 மி.மீ. நூறு ஆண்களில் 95 பேரைவிடப் பெரிய உடம்பு அது. அமெரிக்க உடம்பு என்பதுதான் என் மனக்குறை. துணி தைக்க 25,000 இந்தியர்களை அளக்கும் திட்டம் நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் தொடங்கியது, நல்ல விஷயம். உட்கார்ந்த நிலையில் தொடை நீளம், முழங்கால் உயரம் என்று அதே அளவில் அளக்கவும் யாராவது பணம் ஒதுக்கலாம். நகரப் பேருந்தின் முன் இருக்கைக் கம்பியில் முழங்கால் தேய்ந்தவர்கள் யாரும் அதைத் தண்டச் செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

வாசகர் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியது: ஓட்டும்போது போடப்போகும் காலணியோடும் ஹெல்மெட்டோடும் உட்கார்ந்து, கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடிக்க வேண்டும். முட்டுவது முழங்கால் என்றால் பெடலைப் பற்றிக் கேளுங்கள், குச்சியில் இடிப்பது தலை என்றால் தரையைப் பற்றி. இரண்டுமே கொஞ்சம் இடிக்கிறது என்றால், இருக்கையையே கழற்றி எறிந்துவிடும் வழி ஒன்று பாக்கி இருக்கிறது. தரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து உள்ளே ஊற்றி, மேலே உட்கார வேண்டும். கலவை சூடாகி, நுரைத்து, உடம்பைச் சுற்றி எழுந்து இறுகும். அதுவரை அசையக் கூடாது. இருக்கையின் பஞ்சும், அது நகரும் தண்டவாளமும் போன இடத்தில் சில செ.மீ. தாராளமாகக் கிடைக்கும். வீட்டில் வேறு யாரும் அந்தக் காரை ஓட்ட முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.